மீன் சோறு: ஆயிரத்து இருநூறு கலோரி

அன்று காலை கன்டீனுக்குள் இருந்தவர்கள் இவர்கள்: எங்கள் முதலாளி ஹாஜியார், பரிமாறும் புஷ்பராணியக்கா, சாப்பாட்டை நிறுத்துப் பார்க்க வந்த போசாக்கு மிஸ், பயிற்சி நிலையத்தின் நிர்வாக உத்தியோகத்தர், முறைப்பாடு சொன்ன நடராசா ஐயா, குசினி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்ற சமையற்காரிகள் பவளமும் ரிஸ்மியாவும், காசுமேசைக்குப் பின்னால் நான். மொத்தம் எட்டுப் பேர். இதை எழுதுவதற்கு முன் நாலைந்து தரம் எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒருவரை விட்டுவிட்டு, அவர் இதைப் படித்து, வழியில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் அந்த யோசனையிலேயே எனக்கு ஒரு கிழமை நித்திரை வராது. என் சுபாவம் அப்படி.

இப்போது இதை எழுதச் சொன்னதும் அந்த எட்டுப் பேரில் ஒருத்திதான். ரிஸ்மியா கல்லடியில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறாள். அவளிடம் தினமும் மத்தியானச் சாப்பாடு எடுக்கும் இடத்தில், இனிமேல் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கலோரி எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். உடனே எனக்கு அழைப்பு எடுத்தாள்.

“திரேசாக்கா, நீங்கதானே அப்ப மேற்பார்வை. என்ன செய்யணும், என்ன செய்யப் பொடா எண்டு எழுதித் தாங்க. கதையாச் சொன்னா எனக்கு மறந்துபோயிரும்.”

எழுதித் தா என்றால் எழுதிவிடலாமா? நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துப்பிழை வருமே என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, பிழை பார்ப்பவர்கள் பார்க்கட்டும், ரிஸ்மியாவுக்கு விளங்கினால் போதும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

வேலை பழகிய காலத்தை நீட்டத் தேவையில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் கோப்பை கழுவினேன். பிறகு ரொட்டிக்கு மா குழைத்தேன். பிறகு காசுமேசையில் இருத்தினார்கள். அங்கே ஒருநாள் கடை பூட்டிக்கொண்டு வெளியே வந்தவள், மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகப்பட்டுத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். அணைந்திருந்தது. வீதிக்கு வந்ததும் திரும்பவும் சந்தேகம். திரும்பவும் போனேன். எதிர்ப்பக்கம் மர வாங்கில் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்த ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மூன்றாம் தரமும் நான் திரும்பியபோது கூப்பிட்டார்.

“புள்ள, அது அணைஞ்சிதான் இரிக்கி. நானும் பாத்துட்டன். எனக்கிட்ட வேலைக்கு வாறியா?”

அவர்தான் ஹாஜியார். ஏறாவூர்க்காரர். வாவியோரத்துப் பயிற்சி நிலையம் ஒன்றின் கன்டீனை ஒப்பந்தத்துக்கு எடுத்திருந்தார். உள்ளே படிக்க வருகிறவர்களுக்கும், வீதிப்பக்க வாசலால் வருகிற வெளியாட்களுக்கும் சோறு, கொத்துரொட்டி, தேத்தண்ணி. நான் அன்று போனவள்தான். காசுமேசையும் மேற்பார்வையும் என் பொறுப்பு. வேலையை விட்டு ஓய்வெடுக்கும்வரை வேறு எங்கும் போகவில்லை.

ஹாஜியாரைப்பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற முதலாளிமார் காசுமேசைக்குப் பக்கத்தில் நிற்பார்கள். இவர் நிற்பது தட்டுக் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். சாப்பிட்டு முடித்த தட்டுகள் வரும்போது ஒவ்வொன்றையும் குனிந்து பார்ப்பார். என்ன மிச்சம் கிடக்கிறது, எதைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள், எலும்பை எவ்வளவு சப்பியிருக்கிறார்கள் எல்லாம் பார்ப்பார். “பருப்புல இண்டைக்கு உப்புக் கூடிட்டு. நாலு பீங்கான்ல அப்பிடியே வந்திரிக்கி” என்று அடுப்படிக்குச் சொல்லிவிட்டு, அடுத்த தட்டைப் பார்க்கக் குனிவார். சத்தம் போட்டு ஏசியதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். “புள்ள” என்பவர் “அம்மா” என்பார். “அம்மா, கொஞ்சம் இப்படி வாறீங்களா?” என்று கேட்டால் நான் அன்றைய கணக்கை முதலில் இருந்து கூட்டத் தொடங்கிவிடுவேன். அதோடு எனக்கு ஒரு தேத்தண்ணியும் சொல்லுவார். அவர் கோபமாக இருக்கும்போது குடித்த தேத்தண்ணி எதுவும் எனக்கு இனித்ததே இல்லை.

ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பிப்பார்கள். ஒரு வருடம் புதிய நிபந்தனை ஒன்று சேர்ந்து வந்தது. விலைப்பலகையில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் நேரே கலோரி எழுத வேண்டும். எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும். பொய் என்று தெரிந்தால் ஒப்பந்தம் நின்றுவிடும். நான் முதலில் கலோரி என்றால் புதிதாக வந்த வரி ஒன்று என்று நினைத்துப் பயந்துபோனேன்.

“புள்ள, கலோரி எண்டா என்ன?” என்று ஹாஜியார் கேட்டார்.

“தெரியா ஹாஜியார்.”

“எனக்கும் தெரியா. அப்ப தெரிஞ்ச ஆளாப் பாத்துக் கூட்டிவருவம்.”

அப்படி வந்தவர்தான் நாவற்குடாவில் இருந்த போசாக்கு மிஸ். இளம் பிள்ளை, சிரித்த முகம். சாப்பிடுகிற சாப்பாடு உடம்புக்குக் கொடுக்கும் பலத்தை அளக்கிற அளவுதான் கலோரி என்று எங்களுக்கு முதலில் விளங்கப்படுத்தினார். சோறு, எண்ணெய், சீனி, தேங்காய்ப்பால் எல்லாவற்றிலும் அது உண்டு. ஒவ்வொன்றிலும் எத்தனை கிராம் என்று தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம் என்றார்.

ரிஸ்மியா, அவர் செய்த விதத்தைக் கவனமாகப் படி. முதலில் தராசைச் சோதித்தார். பிரிக்காத சீனிப் பைக்கற் ஒன்றை வைத்து, தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தார். வெறுங்கிண்ணத்தை வைத்துத் தராசைச் சைபருக்குக் கொண்டுவந்தார். பொரிக்க முதல் எண்ணெயோடு சட்டியை நிறுத்துப் பார்த்தார், பொரித்த பிறகும் நிறுத்துப் பார்த்தார். “குறைஞ்ச எண்ணெய் எங்க போனது?” என்று பவளத்திடம் கேட்டார். பவளம் பயந்து, “நான் எடுக்கல்ல மிஸ்” என்றாள். “இல்ல அக்கா, அது அப்பளத்துக்குள்ள போயிற்று. சாப்பிடுற ஆள்ர வயித்துக்குள்ள போகப் போகுது” என்றார் மிஸ். அன்றிலிருந்து பவளம் வீட்டில் அப்பளம் பொரிப்பதை விட்டுவிட்டாள்.

குழம்புக்கு எத்தனை தேங்காய், முதற்பால் எவ்வளவு, அது எத்தனை பேருக்குப் போகும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். கடைசியாகத்தான் தட்டு. “பரிமாறுற அக்கா, ஒரு ஆளுக்கு வழமையாப் போடுற மாதிரி ஒரு தட்டுப் போடுங்க” என்றார்.

“வழமை எண்டா ஆர்ர வழமை மகள்?” என்று புஷ்பராணியக்கா கேட்டார். “பஸ்காரர்ர வழமையா, கந்தோர் ஆக்கள்ர வழமையா?”

“நடுவில ஒரு வழமை.”

அந்த நேரம் பயிற்சிக்கு வந்தவர்கள் இடைவேளைக்கு வந்துவிட்டார்கள். நான் காசுமேசைக்கு ஓடிவிட்டேன். மிஸ்ஸும் புஷ்பராணியக்காவும் மட்டும் உள்மேசையில் நின்று மூன்று தட்டுகளை நிறுத்தார்கள். மிஸ் வெளியே வந்தபோது அவர் முகத்தில் வேர்வையும் சந்தோசமும் இருந்தன.

“மூண்டு தட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு அக்கா. அந்த அக்காட கை தராசு மாதிரி. மீன் சோறு ஆயிரத்து இருநூறு வருது.”

மூன்று தரம் பார்த்து மூன்று தரமும் ஒரே கணக்கு என்றால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? நான்கூடச் சந்தேகப்படவில்லை. அது என் வாழ்க்கையில் அரிதாக நடக்கிற காரியம்.

பலகையை வெள்ளை வர்ணத்தில் எழுதி மாட்டினோம். ஆட்கள் அந்த எண்களைக் கண்டு பயந்து சாப்பிடாமல் போய்விடுவார்களோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நடந்தது வேறு. எல்லாரும் அதை மலிவு விலை பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

“அக்கா, மீனுக்கு ஆயிரத்து இருநூறு, மரக்கறிக்கு எவ்வளவு?”

“ஆயிரத்து நூறு.”

“அப்ப மீனே தாங்க. குடுக்கிற காசுக்குக் காணும்.”

லொறி ஓட்டுகிற ஒருவர் கொத்துக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, “என்னகா, கொத்துக்கு இவ்வளவு போட்டிருக்கு? தகரத்தில தட்டுற சத்தத்துக்கும் சேத்தா கணக்குப் போட்டீங்க?” என்று கேட்டார். அலுவலகத்தில் வேலை செய்கிற கந்தோர்ப் பிள்ளை ஒருத்தி பலகைக்கு முதுகைக் காட்டி இருந்து கேக் சாப்பிடுவாள். இன்னொரு ஆள், சீனி போடாத வெறுந்தேத்தண்ணிக்கு நேரே எழுதியிருந்த சின்ன எண்ணைக் காட்டி, “இதுக்குப் போய் காசு வாங்கிறீங்களே, இதில ஒண்டுமே இல்லையே” என்று என்னோடு வாதாடினார்.

எல்லாரும் அப்படிப் பகிடியாக எடுத்தபோது ஒரே ஒரு மனுசன் மட்டும் அந்தப் பலகையை அப்படியே நம்பினார். அவர்தான் நடராசா ஐயா.

நடராசா ஐயா பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். மத்தியானம் எங்களிடம் வந்து மீன் சோறு சாப்பிடுவார். நேரத்துக்கு வருவார், ஒரே கதிரையில் இருப்பார். அவருக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் ஒரு நாளைக்கு இவ்வளவு கலோரிதான் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் பலகையைக் கண்டதும் அவருக்குப் பெரிய சந்தோசம். மத்தியானம் ஆயிரத்து இருநூறு போய்விட்டதே என்று இரவுச் சாப்பாட்டைக் குறைத்தார். இரண்டு ரஸ்க், சீனி இல்லாத தேத்தண்ணி. அவ்வளவுதான். பலகை என்ன சொன்னதோ அதன்படி நடந்தார். ஆள் மெலிந்துகொண்டு போனார். நாங்கள் எல்லாம், “ஐயா, நல்லா இளைச்சிற்றீங்க, இளந்தாரி மாதிரி இருக்கிறீங்க” என்று புகழ்ந்துகொண்டிருந்தோம்.

ஒருநாள் கிளினிக் வரிசையில் நின்றவர் அப்படியே சுருண்டு விழுந்துவிட்டார்.

பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. படுக்கவைத்து, குடிக்கக் கொடுத்து, விசாரித்திருக்கிறார்கள். சாப்பிடுகிறதை எல்லாம் சொன்னாராம். தாதி தலையில் கைவைத்து, “மறுசோறும் வாங்காம ஒரு பீங்கான் மீன் சோறு ஆயிரத்து இருநூறா? ஆர் ஐயா சொன்னது?” என்று கேட்டாராம். நடராசா ஐயா வீட்டுக்குப் போகவில்லை. கிளினிக்கில் இருந்து நேரே பயிற்சி நிலையத்துக்கு வந்து, நிர்வாக உத்தியோகத்தரிடம் முறைப்பாடு சொல்லிவிட்டார்.

நிர்வாக உத்தியோகத்தர் எங்களைக் கூப்பிட்டு எதையும் மறைக்காமல் சொன்னார்: “மிஸ்ஸுக்குக் காட்டினது ஒரு பீங்கான், சனத்துக்குக் குடுக்கிறது வேற பீங்கான். அதுதான் நடந்திரிக்கு. திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால திரும்பவும் நிறுக்கப்போறம். களவு எண்டு தெரிஞ்சா ஒப்பந்தம் அண்டையோட சரி.”

ஹாஜியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அம்மா, ஐயாவுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுங்க” என்றார். அந்த “அம்மா”வைக் கேட்ட பதற்றத்தில் தேத்தண்ணியில் சீனியைப் போட்டுவிட்டு, அதை ஊற்றிவிட்டு வேறு போட்டேன்.

ஒப்பந்தம் போனால் ஹாஜியாருக்கு ஏறாவூரில் வேறு கடை உண்டு. எங்களுக்கு? பவளத்தின் புருசன் தோணியில் விழுந்து இடுப்பு உடைந்து படுத்திருந்தார். ரிஸ்மியா தங்கச்சியைப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். புஷ்பராணியக்காவுக்கு அந்த வயதில் வேறு எங்கே வேலை கிடைக்கும்? அந்தச் சனி ஞாயிறு முழுக்க நான் யோசித்த யோசனைகளை எழுதினால் தாள் போதாது. தராசு பழுதோ? அரிசி மாறியதோ? தட்டு மாறியதோ? யாராவது மீனை எடுத்துக்கொண்டு போகிறார்களோ? பவளத்தின் பை ஏன் பாரமாக இருந்தது? அது அவள் மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து என்று பிறகு தெரிந்து வெட்கப்பட்டேன். ஞாயிறு பூசையில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். எத்தனை மெழுகுதிரி என்று சொல்லாமல் வந்துவிட்டேனே என்று வழியில் இன்னொரு யோசனை பிடித்தது.

திங்கட்கிழமை. தொடக்கத்தில் சொன்ன எட்டுப் பேரும் நின்றோம். நடராசா ஐயா அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டையோடு, கையைக் கட்டிக்கொண்டு, பஸ் பிந்தி வந்தால் நிற்பாரே அதேமாதிரி நின்றார். நிர்வாக உத்தியோகத்தர் புஷ்பராணியக்காவைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மிஸ்ஸின் முகம் வாடியிருந்தது. ஆனால் வேலையில் பதற்றம் இல்லை. “கணக்கில பிழை இருந்தா அது என்ட பிழையாகவும் இருக்கலாம்” என்று முதலே சொன்னார். “அண்டைக்கு எப்பிடிச் செய்தமோ அப்பிடியே ஒண்டும் மாத்தாமச் செய்வம். அண்டைக்கு நிண்ட இடத்திலேயே நில்லுங்க அக்கா. அண்டைக்குப் போட்ட மாதிரியே போடுங்க.”

தராசில் சீனிப் பைக்கற்றை வைத்தார், சரியாகக் காட்டியது. புஷ்பராணியக்கா தட்டைப் போட்டார். மூன்று அகப்பைச் சோறு, ஒரு துண்டு சூரை மீன், குழம்பு, பருப்பு, முருங்கையிலைச் சுண்டல், அப்பளம். நான் எட்டிப் பார்த்தேன். நாங்கள் தினமும் கொடுக்கிற தட்டு அதேதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நடராசா ஐயாவும் குனிந்து பார்த்துவிட்டு, “ஓம், இவ்வளவுதான் எனக்கும் வாறது” என்றார்.

“அப்ப ஆயிரத்து இருநூறு எங்கயிருந்து வந்தது?” என்றார் நிர்வாக உத்தியோகத்தர்.

மிஸ் வேலையைத் தொடங்கினார். மீன் முதலில்: கிண்ணத்துக்கு எடுத்து, நிறுத்து, பக்கத்து மேசையில் இருந்த மடிக்கணினியில் பதிந்தார். பருப்பு. சுண்டல். பிறகு சோறு. கிண்ணம் சின்னது என்பதால் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ள வேண்டும். அள்ளுவார், நிறுப்பார், மடிக்கணினிப் பக்கம் திரும்பிப் பதிவார், கிண்ணத்தை வெறுமையாக்குவார், திரும்ப வந்து அள்ளுவார்.

இரண்டாம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மிஸ் திரும்பினார். தட்டில் சோறு அரைவாசிதான் கிடந்தது.

புஷ்பராணியக்காவின் கை எழும்பியது. அகப்பை சோற்றுச் சட்டிக்குள் போனது. தொப்பென்று ஒரு அகப்பைச் சோறு தட்டில் விழுந்தது.

எல்லாரும் அகப்பையையே பார்த்தோம். மிஸ் திரும்பி வந்தார். தட்டில் சோற்றைக் கண்டார். இயல்பாகக் கிண்ணத்தை நீட்டி அடுத்ததை அள்ளினார், நிறுத்தார், பதியத் திரும்பினார். அகப்பை திரும்பவும் எழும்பியது.

“நிப்பாட்டு! நிப்பாட்டு!” என்று நடராசா ஐயா கத்தினார். பதியாமல் வெளிக்கிட்ட பஸ்ஸை மறிக்கிற குரல். “அந்த அகப்பையப் பிடிங்க!”

புஷ்பராணியக்கா திடுக்கிட்டு, அகப்பையைத் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றார். “என்ன? என்ன? நான் என்ன செஞ்சன்?”

“சோறு போட்டீங்க!”

“போடாம? விருந்தாளிப் பிள்ளைக்கு முன்னால வெறும் பீங்கான் கிடக்கு. பாத்துக்கொண்டு நிக்கச் சொல்றியளா?”

எங்கள் ஊரில் சாப்பிட இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தட்டில் சோறு குறைந்தால் பரிமாறுகிறவர் போடுவார். போதும் என்றால் கையால் தட்டை மறைக்க வேண்டும். வாயால் சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. கையை வைத்தால்தான் உண்மை. புஷ்பராணியக்கா அந்த வேலையை அவ்வளவு காலம் செய்தவர். வாயால் ஆரோடோ ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருப்பார். கை தன்பாட்டில் எந்தத் தட்டு வெறுமையாகிறது என்று பார்த்துப் போட்டுக்கொண்டே போகும். மிஸ் தட்டை மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. அவர் சாப்பிட வந்தவரே இல்லையே, நிறுக்க வந்தவர். அதனால் மூன்று தட்டிலும், மிஸ் திரும்பும்போதெல்லாம் அந்தக் கை மறுசோறு போட்டிருக்கிறது. ஒரு தட்டில் இரண்டு தட்டுச் சோறு. நடராசா ஐயாவோ சீனி வருத்தக்காரர். இருந்தவுடனேயே தட்டைக் கையால் மறைத்துக்கொள்கிறவர். அவருக்கு மறுசோறு ஒருநாளும் விழுந்ததில்லை.

மிஸ் கதிரையில் இருந்துவிட்டார். அழப்போகிறார் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினேன். பார்த்தால் சிரிக்கிறார், கண்ணீர் வரச் சிரிக்கிறார். “அப்ப அண்டைக்கு மூண்டு தட்டுக்கும் போட்டீங்களா அக்கா?”

“போட்டிருப்பன். அதையெல்லாம் ஆர் மகள் எண்ணுற?”

“நான் எண்ணியிருக்கிறன்! தலைகீழா நிண்டு எண்ணியிருக்கிறன்!”

ஜன்னலில் பவளமும் ரிஸ்மியாவும் ஒருத்தியில் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். நிர்வாக உத்தியோகத்தருக்கும் சிரிப்பு வந்தது. அவர் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒன்று ஹாஜியார். மற்றது, இதில் ஏதாவது குழப்பம் மிச்சம் இருக்கிறதோ என்று யோசித்துக்கொண்டிருந்த நான்.

திரும்ப நிறுத்தோம். இந்தத் தரம் புஷ்பராணியக்காவைத் தூரத்தில் வாங்கில் இருத்தி, அகப்பையை நடராசா ஐயாவின் கையில் கொடுத்தோம். அவர் அதைக் காவற்காரன் துவக்குப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு நின்றார். மிஸ் முதலில் முழுத் தட்டையும் நிறுத்தார், பிறகு தனித்தனியாக. இரண்டும் ஒத்துப்போயின. மீன் சோறு எண்ணூறு. ரிஸ்மியா, இதுதான் உனக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான விசயம்: முழுத் தட்டையும் முதலில் நிறுத்துக்கொள். நிறுக்கிற நேரம் பரிமாறுகிறவர் கையில் அகப்பை இருக்கக்கூடாது.

நிர்வாக உத்தியோகத்தர் நடராசா ஐயாவைப் பார்த்தார். “முறைப்பாடு உங்கட. என்ன சொல்றீங்க? நீங்க களவு எண்டு சொன்னா நான் ஒப்பந்தத்த நிப்பாட்டத்தான் வேணும்.”

நடராசா ஐயா அகப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“களவு இல்ல” என்றார். “ஆனா நான் விழுந்தது பொய்யும் இல்ல. பலகையில எழுதினா எங்களப் போல ஆக்கள் அதப் பாத்துத்தான் மருந்தும் போடுறம், சாப்பாடும் குறைக்கிறம். பகிடிக்கு எழுதப் பொடா. தட்டு வேற, மறுசோறு வேற எண்டு எழுதுங்க. அப்பிடி எழுதினா எனக்குப் போதும்.”

அன்று மத்தியானத்துக்கு முன்பே பலகை மாறியது. மீன் சோறு ஒரு தட்டு எண்ணூறு. மற்றச் சோறுகளையும் மிஸ் அப்படியே திருத்தினார். அடியில் தனியாக ஒரு வரி: மறுசோறு, ஒரு அகப்பை நூற்று முப்பது. ஒப்பந்தம் அந்த வருடமும் தொடர்ந்தது; பிறகும் தொடர்ந்தது. அந்த வரியைப் பார்த்துவிட்டு, “எனக்கு இருநூற்று அறுபதுக்கு மறுசோறு” என்று கேட்கிற ஆட்களும் வந்தார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சுவிட்டபோதுதான் ஹாஜியார் வாய் திறந்தார். “அம்மா, ஐயாவுக்கு ஒரு தேத்தண்ணி. சீனி இல்லாம.”

திரும்பவும் “அம்மா”. யாரில் கோபம்? பார்த்தால், அவர் தன்னில்தான் கோபமாக இருந்தார்.

“ஐயா, பலகையில ஆயிரத்து இருநூறு எண்டு எழுதிக் காசு வாங்கியிரிக்கிறன். தந்தது எண்ணூறு. மூணில ஒரு பங்கு உங்களுக்கு வரல்ல. ஒரு பீங்கான் நானூற்று அம்பது ரூபா. அதில நூற்று அம்பது உங்கட ஹக்கு. பலகை மாட்டினதில இரிந்து எத்தின சாப்பாடு சாப்பிட்டீங்க?”

அடுத்தவருக்குச் சேர வேண்டிய உரிமையைத்தான் அவர் ஹக்கு என்பார். அது தன் கையில் தங்கினால் நெருப்பு மாதிரி என்பார்.

“நாப்பது” என்றார் நடராசா ஐயா, யோசிக்காமல்.

“ஆறாயிரம் ரூபா. அம்மா, காசு லாச்சியத் திறங்க.”

“வேணாம் ஹாஜியார். காசு வாங்கினா, காசுக்குத்தான் இவன் முறைப்பாடு சொன்னான் எண்டு சனம் கதைக்கும்.”

“அப்ப நானூறு கலோரிப்படி நாப்பது நாளைக்கு மறுசோறு தின்னுங்க.”

“தின்னச் சொல்றீங்களா, கொல்லச் சொல்றீங்களா?”

இரண்டு பேரும் நல்ல மனுசர். நல்ல மனுசர் இரண்டு பேர் பிடிவாதம் பிடித்தால் நடுவில் நிற்கிறவர் பாடு பெரும் பாடு. கடைசியில் மிஸ்தான் வழி சொன்னார்: ஐயா சாப்பிட வரும்போது ஒவ்வொரு நாளும் ஐம்பது ரூபா கழித்துக்கொண்டு நானூறைக் கொடுக்கட்டும். கழிந்து முடிந்தால் கணக்குத் தீர்ந்தது. இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

ஆனால் நடராசா ஐயா ஒழுங்காகக் கழிக்கவில்லை. இறால் சமைத்த நாளில் முழுக் காசையும் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். மழை நாளில் வைப்பார். புஷ்பராணியக்காவோடு நன்றாகக் கதைத்துச் சிரித்த நாளிலும் வைப்பார். நான் பின்னால் ஓடிப் போய், “ஐயா, அம்பது ரூபா!” என்று கூப்பிட்டால் காது கேட்காதவர் மாதிரி நடப்பார். கணக்கு முடியாமல் நீண்டுகொண்டே போனது. எனக்கு வேறு யோசனை. நான் ஓய்வுபெறுவதற்குள் இது தீராவிட்டால் அடுத்து வருகிற பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

ஒருநாள் ஹாஜியாருக்குப் பொறுக்கவில்லை. கழுவுகிற தொட்டியடியில் இருந்து எழுந்து வந்துவிட்டார். அந்த வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்து, ஆள் கொஞ்சம் தளர்ந்திருந்தார்.

“ஐயா, என்ன வேல செய்றீங்க? இந்தக் கடன் தலையில கிடக்க நான் மவுத்தாக ஏலா, கடனோட சாவு வரப் பொடா. கெதியாக் கழிச்சி முடிங்க.”

நடராசா ஐயா கையால் தட்டை மறைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்தார்.

“அது தெரிஞ்சுதானே ஹாஜியார் நான் கழிக்காம வைச்சிருக்கிறன். நீங்க இன்னும் கொஞ்சக் காலம் நில்லுங்க.”

ஹாஜியார் தொட்டியடிக்குத் திரும்பிப் போய், ஒரு தட்டை எடுத்து நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு பருக்கைகூட மிச்சம் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

நான் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தாலும் அந்த யோசனை விடவில்லை. கிழமைக்கு ஒருதரம் புஷ்பராணியக்காவுக்கு அழைப்பு எடுத்து விசாரிப்பேன். இரண்டு பேரும் சுகமாக இருக்கிறார்களாம். ஹாஜியார் காலையில் வாவியோரம் நடக்கிறாராம். போன கிழமை இரண்டு நாள் இறால் சமைத்தார்களாம். கழித்தது போக, ஹாஜியார் இன்னும் கொடுக்க வேண்டியிருப்பது இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபா.